அல்சூரில் தமிழில் நடக்கும் நிரலாக்கப் போட்டி வகுப்பு: என் மதிப்பீடு

பெங்களூரில் நிரலாக்கப் போட்டிகளுக்குப் பயிற்சி தரும் நிலையங்களுக்குக் குறைவில்லை. ஆனால் தமிழில் விளக்கி, ஒரே கணக்கை ஒரு முழு வகுப்புக்கு நீட்டி ஆராயும் இடம் அரிது. அல்சூர் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில், வார இறுதிகளில் நடக்கும் வகுப்பு அப்படிப்பட்டது. 0, 1 மட்டுமே கொண்ட இருமச் சரங்களை ஒப்பிடும் பாடத்தை வைத்தே அதன் தரத்தைச் சொல்லிவிட முடியும்.

கணக்கு இதுதான்: 500 இலக்கம் நீளமுள்ள 500 சரங்கள் தரப்படுகின்றன, அவற்றுள் மிகக் குறைந்த இடங்களில் வேறுபடும் இரண்டைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆசிரியர் நிரல் எழுதவிடாமல் முதலில் செலவைக் கணக்கிடச் சொன்னார். 500 சரங்களிலிருந்து 1,24,750 இணைகள் கிடைக்கும். ஒவ்வோர் இணையையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால் ஏறத்தாழ 6.2 கோடி ஒப்பீடுகள். சி++ இதைத் தாங்கிவிடும். பைத்தானில் சாதாரண லூப்பாக எழுதினால் நேர வரம்புக்குள் முடிவது கடினம். அதே சரத்தை 64 பிட் சொற்களாக (கணினி ஒரே முறையில் கையாளும் 64 இலக்கத் தொகுதிகளாக) அடுக்கினால் எட்டுச் சொற்கள் போதும், மொத்த வேலையும் பத்து லட்சம் சொல் ஒப்பீடுகளுக்குள் அடங்கிவிடும்.

பிறகு பலகையில் 10110100, 11100110 என்ற இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எக்ஸ்ஆர் செய்து 01010010 என்ற விடையைக் காட்டினார்: வேறுபடும் இடங்களில் மட்டும் 1. அந்த எண்ணையும் அதைவிட ஒன்று குறைந்த எண்ணையும் பிட்வைஸ் ஆண்ட் செய்தால் (இரண்டிலும் 1 உள்ள இடத்தில் மட்டும் 1 வரும்) கடைசி 1 அழியும். 01010010 என்பது பதின்ம எண்ணில் 82. இதையே திரும்பத் திரும்பச் செய்ய, 82, 80, 64, 0 என்று மூன்றே படியில் முடிந்ததால் வேறுபாடும் மூன்று. இந்த எண்ணிக்கையை ஒரே கட்டளையில் தரும் பாப்கவுண்ட், இன்டெலின் நெஹலம் சில்லுகளில் 2008இல் வந்தது என்றும், சி++ நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் ஜிசிசி-க்கு அதற்குரிய விருப்பத்தைக் கொடுக்காவிட்டால் அந்தக் கட்டளையை விட்டு நூலகச் செயற்கூறை அழைத்துவிடக்கூடும் என்றும் சொல்லி, இரண்டு வகையிலும் உருவாகும் அசெம்பிளியை, அதாவது இயந்திரக் கட்டளைகளின் வரிசையை, திரையில் காட்டினார். பாடநூலைப் படித்தால் மட்டும் கிடைக்காத தெளிவு அது. இத்தகைய வேறுபாட்டை அமெரிக்கக் கணிதவியலாளர் ரிச்சர்டு ஹாமிங் 1950இல், பிழை திருத்தும் குறியீடுகளைப் பற்றிய கட்டுரையில் வரையறுத்தார் என்பதையும் ஒரு வரியில் தொட்டுச் சென்றார்.

குறையும் உண்டு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். பைத்தான் எழுதுபவர்களுக்கு ஒரு தாள் கொடுத்ததோடு சரி. பைத்தான் 3.10 முதல் முழு எண்ணுக்கே பிட் எண்ணும் வசதி இருக்கிறது. 500 இலக்கச் சரத்தையும் ஒரே எண்ணாக வைத்து எக்ஸ்ஆர் செய்யலாம். அந்தத் தாளில் அது இல்லை. சரங்களின் நீளம் வேறுபட்டால் முன்னால் நிற்கும் சுழியங்கள் எண்ணாக மாற்றும்போது மறைந்துவிடும் என்ற எச்சரிக்கையும் இல்லை. 0011-உம் 11-உம் ஒன்றாகிவிடும் இந்த இடத்தில்தான் புதியவர்கள் தவறான விடை வாங்குகிறார்கள்.

சி++ ஓரளவு தெரிந்து, வேலைக்குப் போய்க்கொண்டே போட்டிகளில் கலந்துகொள்ள விரும்பும் தமிழர்களுக்கு இந்த வகுப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பைத்தான் மட்டுமே எழுதுபவர்கள், தங்களுக்குத் தனி அமர்வு உண்டா என்று கேட்டறிந்த பிறகு பணம் கட்டுங்கள்.