பட்டியலா, நிலப்பகுதியா, மழலையர் வகுப்பா? பழங்குடி மொழிக்கு எது கைகொடுக்கும்?

பல மொழிகள் புழங்கும் நாடுகளில் பழங்குடி மொழிகளைக் காக்க மூன்று வழிகள் அடிக்கடி பேசப்படுகின்றன. மொழியின் பெயரை அரசியலமைப்பில் சேர்ப்பது ஒன்று. அதைப் பேசுவோர் வாழும் பகுதியில் மட்டும் அலுவலக உரிமை தருவது இன்னொன்று. பள்ளி வயதுக்கு முன்பே குழந்தைகளை அந்த மொழியிலேயே வளர்ப்பது மூன்றாவது. மூன்றும் சமம் என்று நான் நினைக்கவில்லை. மூன்றாவது இல்லாத இடத்தில் மற்ற இரண்டும் காகிதத்தோடு நின்றுவிடுகின்றன.

பொலிவியாவைப் பாருங்கள். அதன் 2009 அரசியலமைப்பு ஸ்பானிய மொழியோடு 36 பழங்குடி மொழிகளையும் ஆட்சிமொழியாக்கியது. காலங்காலமாக ஒதுக்கப்பட்ட கெச்சுவா, ஐமாரா மக்களுக்கு அது பெரிய மரியாதை. ஆனால் அதே பட்டியலில் புக்கினா என்ற மொழியும் இருக்கிறது. அதைப் பேசியவர்கள் வெகுகாலம் முன்பே இல்லாமல் போய்விட்டார்கள்.

இந்திய அரசியலமைப்பின் மொழிப் பட்டியலான எட்டாவது அட்டவணை 14 மொழிகளோடு தொடங்கி இன்று 22-ல் நிற்கிறது. இடம் கிடைத்தால் பலன் உண்டு. குடிமைப் பணி முதன்மைத் தேர்வை அந்த மொழியில் எழுதலாம். 2003 திருத்தத்தில் சந்தாலியும் போடோவும் உள்ளே வந்தன. நடு இந்தியாவின் கோண்டு பழங்குடியினர் பேசும் கோண்டி இன்னும் வெளியேதான். 2011 கணக்கெடுப்பில் கோண்டியைத் தாய்மொழி என்றவர்கள் ஏறக்குறைய 30 லட்சம் பேர். சமஸ்கிருதத்தைச் சொன்னவர்கள் 24,821 பேர்; அது தொடக்கம் முதலே அட்டவணையில் இருக்கிறது. எந்த மொழிக்காரர்களின் குரல் தலைநகரில் எடுபடுகிறதோ, அந்த மொழிக்கே இடம்.

சரி, நிலப்பகுதி உரிமை? பின்லாந்தில் 2004-ல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, வடகோடியில் உள்ள சாமி என்ற பழங்குடியினரின் தாயகப் பகுதியில் ஒருவர் அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ சாமி மொழியில் பேசலாம். பட்டியலைவிட இது மேல், அன்றாட வாழ்க்கையைத் தொடுகிறது. சிக்கல் என்னவென்றால், அந்நாட்டுச் சாமி மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் தாயகத்துக்கு வெளியே வாழ்கிறார்கள். வேலை தேடி நகரத்துக்குப் போனவருக்கு அதே உரிமை அங்கே கிடைப்பதில்லை. கோண்டிக்கு நிலைமை இன்னும் மோசம். மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது அதற்கென்று ஒரு மாநிலம் அமையவில்லை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், மகாராஷ்டிரா, தெலங்கானா என்று பிரிந்து கிடப்பதால் எல்லா மாநிலத்திலும் அது சிறுபான்மை.

மூன்றாவது வழி நியூசிலாந்தில் 1982-ல், வெலிங்டனுக்கு அருகே வைனுயியோமாட்டாவில் தொடங்கியது. பெற்றோர் தலைமுறையில் பலர் அந்நாட்டுப் பழங்குடி மொழியான மாவோரியை இழந்திருந்தார்கள்; பாட்டிமார்களிடம் மொழி மிச்சமிருந்தது. அதனால் பாட்டிகளையும் கைக்குழந்தைகளையும் ஒரே அறையில் சேர்த்தார்கள். கை கழுவுவது, சாப்பிடுவது, தூங்க வைப்பது, அழுதால் தேற்றுவது என எல்லாமே மாவோரியில். இலக்கணப் பாடம் கிடையாது. மாவோரியை ஆட்சிமொழியாக்கிய சட்டம் வந்தது 1987-ல், இதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து! இந்த வரிசை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

பின்லாந்தின் சாமி மொழிகளில் ஒன்றான இனாரி சாமி, சில நூறு பேர் மட்டுமே பேசும் மொழி. அங்கேயும் மாவோரிகளைப் பார்த்து 1997-ல் மழலையர் வகுப்பு தொடங்கினார்கள். அப்புறம் இன்னொரு இடைவெளி தெரிந்தது: முதியவர்களும் குழந்தைகளும் பேசுகிறார்கள், நடுவயதினர் பேசுவதில்லை. ஆசிரியர் வேலைக்குக்கூட ஆள் கிடைக்காது. 2009-10-ல் பெரியவர்கள் 17 பேர் ஓராண்டு முழுக்க மொழி கற்றார்கள். வகுப்போடு நிற்காமல், முதியவர்களோடு சேர்ந்து வேலை செய்தபடியே பேசிப் பழகினார்கள்.

இந்த வழிக்கும் குறை உண்டு. சரளமாகப் பேசும் முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே தொடங்க வேண்டும். ஐந்து வயதில் குழந்தை ஆங்கிலப் பள்ளிக்குப் போனால் கற்றது கரையும். அதனால்தான் மாவோரி மக்கள் 1985-ல் தங்கள் மொழியிலேயே தொடக்கப் பள்ளியும் திறந்தார்கள்.

கோண்டிக்காக இன்று ஒரே ஒரு கோரிக்கைதான் வைக்கலாம் என்றால், நான் அட்டவணையில் இடம் கேட்க மாட்டேன். கோண்டி பேசும் ஊர்களின் ஒவ்வொரு அங்கன்வாடியிலும் கோண்டி பேசும் மூத்த பெண்மணி ஒருவருக்கு முழுச் சம்பளத்தோடு வேலை கேட்பேன். அதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்று 350ஏ பிரிவு 1956 முதலே சொல்கிறது. தேவை, மாநில பட்ஜெட்டில் ஒரு வரி.