இலங்கையில் டிரைவரோடு வேனா, மலேசியாவில் வாடகைக் காரா?

சென்னையிலிருந்து குடும்பத்தோடு வெளிநாடு போய் ரோட்டில் சுற்றலாம் என்று பேச்செடுத்தால், அது பெரும்பாலும் இலங்கையிலோ மலேசியாவிலோ வந்து நிற்கும். இரண்டிலும் நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், தமிழ் பேசிச் சமாளிக்கலாம், இட்லிக்கும் பஞ்சமில்லை. நாங்கள் இரண்டையும் பார்த்தாயிற்று. இலங்கையில் டிரைவரோடு வேன் எடுத்தோம். மலேசியாவில் காரை வாடகைக்கு எடுத்து நானே ஓட்டினேன். எழுபதைத் தாண்டிய அம்மா, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், மனைவி என்று எங்களைப் போன்ற குடும்பமாக இருந்தால் என் ஓட்டு மலேசியாவுக்கு.

சுலபமானதை முதலில் முடித்துவிடுகிறேன். விமானத்தில் இலங்கைதான் ஜெயிக்கும். கொழும்பு ஒன்றரை மணி நேரம், கோலாலம்பூர் ஏறக்குறைய நான்கு மணி நேரம். செலவும் இலங்கையில் குறைவு. மலேசியாவுக்கு டிக்கெட் போடும்போதே கையைக் கடித்தது. இலங்கைக்கு ஈடிஏ என்கிற மின்னணுப் பயண அனுமதியை முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுவது நல்லது. மலேசியாவுக்கு, இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். இந்த விதிகள் அடிக்கடி மாறும் என்பதால் டிக்கெட் எடுக்கும் முன் அரசு இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். வழியெல்லாம் அழகு வேண்டும் என்றால் போட்டியே கிடையாது, இலங்கைதான். மலேசிய நெடுஞ்சாலையில் கண்ணுக்கு எட்டியவரை பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டம், அது முடிந்தால் இன்னொரு செம்பனைத் தோட்டம்.

அப்படியிருந்தும் ஏன் மலேசியா? கழிப்பறை. சிரிக்காதீர்கள்.

சர்க்கரைக்கு மாத்திரை போடும் ஒருவரும், "இப்பவே வருதுப்பா" என்று சொல்லும் ஒரு பிள்ளையும் வண்டியில் இருந்தால், அன்றைய பயணத்தின் வேகத்தை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். அடுத்து எங்கே நிறுத்தலாம் என்று தெரியாத ரோடாக இருந்தால் அம்மா காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார். கேட்டால் "தாகமே இல்லை" என்பார். மத்தியானத்துக்குள் அது தலைசுற்றலில் போய் நிற்கும். வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சென்னைக்காரர்களான நமக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த ஊர் மேப்பைப் பார்த்தாலும் திருச்சி ரோட்டை வைத்துக் கணக்குப் போடுவோம். விடியற்காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம் என்கிற கணக்கு. இலங்கையில் அது செல்லாது. கொழும்புக்கான கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து சிகிரியா சுமார் 150 கிலோமீட்டர்தான், ஆனால் நான்கு மணி நேரம் ஒதுக்க வேண்டும். கண்டியிலிருந்து நுவரெலியா 80 கிலோமீட்டர்கூட வராது. கம்பளை, புசல்லாவை தாண்டி ரம்பொடையில் கொண்டை ஊசி வளைவுகளாக ஏறுகிற ரோடு அது. இரண்டரை மணி நேரம் என்று மேப் சொல்லும். பிள்ளை வாந்தி எடுத்து, முகம் கழுவி, சட்டை மாற்றி மறுபடி ஏறினால் மூன்றரை. கொழும்பிலிருந்து காலி நகருக்குப் போகும் அதிவேகப் பாதை மட்டும் இதற்கு விலக்கு. 2011இல் திறந்த அந்த ரோட்டில் ஒரு மணி நேரம் சொச்சத்தில் காலி வந்துவிடும். ஆனால் அந்த ரோட்டுக்காக யாரும் இலங்கைக்குப் போவதில்லை.

மலையகத்தில் நிறுத்த இடமே இல்லை என்று சொல்லமாட்டேன். தேயிலைத் தொழிற்சாலைகளின் விற்பனைக் கூடங்கள் உண்டு, மாத்தளைப் பக்கம் ஏலம், கிராம்பு, பட்டை விளைகிற தோட்டங்கள் உண்டு. நாங்கள் போன இடங்களில் கழிப்பறை சுத்தமாகவே இருந்தது. ஆனால் உள்ளே போனால் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுவார்கள், தேநீர் தருவார்கள், கடைசியில் பில் போடும் மேசையைத் தாண்டித்தான் வெளியே வர முடியும். பத்து நிமிடம் என்று இறங்கினால் முக்கால் மணி நேரம் ஓடிவிடும். அம்மாவுக்குச் சும்மா உபயோகித்துவிட்டு வரக் கூச்சம். ஒவ்வொரு இடத்திலும் ஒரு பொட்டலம் ஏலக்காயாவது வாங்கிவிடுவார். அந்த ஏலக்காய் இன்னும் தீரவில்லை.

இப்போது மலேசியாவின் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலைக்கு வாருங்கள். தாய்லாந்து எல்லையிலிருந்து ஜொகூர் பாரு வரை 772 கிலோமீட்டர், 1994இல் முழுதாகத் திறந்தது. அதிகபட்ச வேகம் 110. வழியில் 'ஆர் அண்ட் ஆர்' என்று ஓய்விடங்கள் கட்டி வைத்திருக்கிறார்கள். வருவதற்கு வெகு முன்பே பலகை சொல்லிவிடும். அவற்றுக்கு நடுவே கழிப்பறையும் நிழலும் மட்டும் உள்ள சின்ன நிறுத்தங்களும் உண்டு. உள்ளே நுழையக் காசு கிடையாது, எதுவும் வாங்க வேண்டியதில்லை, யாரும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை. தாப்பா ஓய்விடத்தில் நாங்கள் நிறுத்தியபோது அம்மா தானே நடந்து போய்விட்டு வந்தார். நம் ஊர் மாதிரி குந்தி உட்காரும் கழிப்பறையும் இருந்தது, மேற்கத்திய வகையும் இருந்தது, சுவரில் தண்ணீர்க் குழாயும் இருந்தது. வெளியே வந்தால் பழக் கடை. பக்கத்து பிடோர் வட்டாரம் கொய்யாவுக்குப் பேர் போனது. துண்டு போட்டு, புளிப்பும் உப்புமாக இருக்கிற 'அசாம் போய்' என்கிற உலர்ந்த பிளம் தூளைத் தூவித் தருகிறார்கள். அதைத் தின்றுகொண்டே அம்மா ஒரு பாட்டில் தண்ணீரையும் முழுதாகக் குடித்தார். எனக்கு அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

சைவச் சாப்பாட்டுக்கு மட்டும் ஓய்விடங்களை நம்ப வேண்டாம். பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் கிடைக்கும், ஆனால் கூட வரும் குழம்பில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நாங்கள் காலையில் ஊருக்குள் ஏதாவது ஒரு தமிழ்க் கடையில் தயிர்சாதம் கட்டி வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

வேகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோலாலம்பூரிலிருந்து பினாங்கு சுமார் 350 கிலோமீட்டர். ஒரே நாளில் போகலாம், ஆனால் போகாதீர்கள். நடுவே ஈப்போவில் இரண்டு இரவு தங்கினால் முதல் நாள் 200 கிலோமீட்டர், அடுத்தது அதற்கும் குறைவு. ஒரு நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஸ்டியரிங் பிடிப்பதில்லை, ஒரே ஒரு இரவுக்காக எந்த ஊரிலும் பெட்டியைப் பிரிப்பதில்லை என்று இரண்டு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். ஈப்போவில் குகைக் கோயில்கள் இருக்கின்றன, சாயங்காலம் நடக்கப் பழைய கடைத்தெரு இருக்கிறது. பினாங்கில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஜார்ஜ் டவுனை நடந்தே பார்க்கலாம்.

கோலாலம்பூரில் இருக்கும்வரை காரே வேண்டாம். சென்னையிலிருந்து பல விமானங்கள் இரவில் கிளம்பி விடியற்காலையில் இறக்கிவிடும், அங்கே கடிகாரமும் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். தூக்கமில்லாத கண்ணோடு புது ஊரில் வண்டி எடுப்பது ஆபத்து. விமான நிலையத்திலிருந்து ரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்தால் பக்கத்திலேயே பிரிக்ஃபீல்ட்ஸ், தமிழ்க் கடைகள் நிறைந்த இடம். பத்துமலைக்கும் அங்கிருந்து ரயிலிலேயே போய்விடலாம். 272 படிகளை அம்மா கீழே நின்றபடியே கும்பிட்டார். ஊர் பார்த்து முடித்த பிறகு, கிளம்புகிற நாளில் காரை எடுங்கள்.

கார் விஷயத்தில் சில்லறைத் தொந்தரவுகள் உண்டு. உங்கள் லைசென்ஸ் பதிவான ஆர்.டி.ஓ. வழியாக, படிவம் 4ஏ கொடுத்து, 1000 ரூபாய் கட்டி சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்க வேண்டும். ஒரு வருடம் செல்லும். வாடகை நிறுவனங்கள் பெரும்பாலும் ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்கும், அதில் ஒரு தொகையைப் பிடித்து வைக்கும். வண்டியை வாங்கும்போதே நான்கு பக்கமும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். டோலுக்குக் காசு வாங்கமாட்டார்கள், முன்பணம் ஏற்றி வைக்கிற 'டச் அண்ட் கோ' அட்டை வேண்டும். நுழையும்போது தட்டிய அதே அட்டையை வெளியேறும்போதும் தட்ட வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்கான பெட்ரோல் மானியம் நமக்குக் கிடையாது. குழந்தை இருக்கை 2020இலிருந்து கட்டாயம், காரோடு சேர்த்தே கேட்டு வாங்குங்கள். ஏழு பேர் உட்காரும் வண்டி என்று விளம்பரத்தில் இருக்கும்; மூன்றாவது வரிசையை நிமிர்த்தினால் பெட்டி வைக்க இடம் இருக்காது. வலது தடம் முந்துவதற்கு மட்டும். அதில் சாவகாசமாகப் போனால் பின்னாலிருந்து லைட் அடிப்பார்கள். ஹாரன் மட்டும் யாரும் அடிப்பதில்லை, சென்னைக்காரனுக்கு அதுவே பெரிய விடுமுறை.

இலங்கைக்கு உரிய மரியாதையையும் கொடுத்துவிட வேண்டும். அங்கே சர்வதேச அனுமதி மட்டும் போதாது, உள்ளூர் அங்கீகாரமும் வேண்டும். அதனால்தான் குடும்பமாகப் போகிறவர்கள் டிரைவரோடு வேன் எடுக்கிறார்கள். அதில் ஒரு சுகம் உண்டு: நானும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மலையைப் பார்த்தேன். நுவரெலியா பக்கத்து நானுஓயாவிலிருந்து எல்ல என்கிற மலை ஊருக்கு நாங்கள் ரயிலில் போக, பெட்டிகளை ஏற்றிக்கொண்டு டிரைவர் ரோடு வழியாக வந்து சேர்ந்தார். சொந்தமாக ஓட்டினால் இது நடக்காது. சீதா எலிய கோயிலில் அம்மா உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவே மனமில்லாமல் இருந்தார். மலேசியாவில் அவருக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை.

வீட்டில் ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்தான், அவருக்கும் நெடுஞ்சாலை என்றால் கொஞ்சம் பயம் என்றால், யோசிக்காமல் இலங்கைக்கே போங்கள். ஏஜென்சி கொடுக்கும் பட்டியலில் பாதி ஊரை அடித்துவிடுங்கள், அவ்வளவுதான். ஏப்ரல் நடுவில் போகாதீர்கள். புத்தாண்டுக்காகக் கொழும்பே நுவரெலியாவுக்கு ஏறிவிடும், மற்ற ஊர்களில் கடைகள் மூடியிருக்கும். யாழ்ப்பாணம், திருகோணமலைப் பக்கம் நாங்கள் போகவில்லை, நான் சொன்ன மணிக்கணக்கெல்லாம் மலையகத்துக்கும் சிகிரியா வழிக்கும்தான்.

மலேசியாவிலும் நான் ஓட்டியது மேற்குப் பக்கம் மட்டும். கிழக்குக் கரையில் இதே வசதியை எதிர்பார்த்துக் கிளம்ப வேண்டாம். நோன்புப் பெருநாளும் சீனப் புத்தாண்டும் வரும் வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். மொத்த நாடும் சொந்த ஊருக்குக் கிளம்பும்போது ஓய்விடத்தில் வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காது. கேமரன் மலைக்குப் போயே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால் தாப்பா வழியாக ஏறாமல் ஈப்போ பக்கம் சிம்பாங் பூலாய் வழியாக ஏறுங்கள். ரோடு அகலம், வளைவும் குறைவு. வார நாளாக இருக்கட்டும்.