கீழாநெல்லி கேப்சூல்: லேபிளில் 1988 இருக்கிறது, அதற்கப்புறம் நடந்தது இல்லை

ஒரு டப்பாவில் 60 கேப்சூல், விலை 340 ரூபாய். பிராண்டு பெயர் வேண்டாம். இதே பச்சை மூடி, இதே கல்லீரல் படம், ஏறக்குறைய இதே வாசகத்தோடு நாலைந்து கம்பெனி டப்பாக்கள் அதே அலமாரியில் வரிசையாக நிற்கின்றன, ஒன்றை மட்டும் சொன்னால் மற்றதெல்லாம் நல்லது என்றாகிவிடும். எங்கள் சித்தப்பா ரத்த தானம் கொடுக்கப் போன இடத்தில் ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று) பாசிட்டிவ் என்று சொல்லி அனுப்பினார்கள். விஷயம் வெளியே தெரிந்த மறுநாளே சொந்தக்காரர் ஒருவர் நாட்டு மருந்துக் கடையில் இதில் ரெண்டு டப்பா வாங்கிவந்து, "காமாலைக்கே கேக்குது, இதுக்குக் கேக்காதா, சாப்பிடுங்க மாமா" என்று கையில் திணித்துவிட்டுப் போனார். சித்தப்பா என்னிடம் நீட்டி, "நீதான் இதெல்லாம் படிப்பியே, பாரு" என்றார். பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பேக்கிங்கில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சீல் ஒழுங்காக இருக்கிறது, தயாரித்த தேதி, காலாவதித் தேதி, லைசென்ஸ் எண் எல்லாம் தெளிவாக அச்சாகியிருக்கிறது, உள்ளே ஈரம் இழுக்கும் சின்னப் பொட்டலம்கூட உண்டு. ஒரு கேப்சூலைப் பிரித்துத் தட்டில் கொட்டினேன்: பழுப்பு ஓடிய பச்சைத் தூள், காய்ந்த புல் வாசம், நாக்கில் வைத்ததும் ஒன்றும் தெரியவில்லை, கொஞ்சம் கழித்துத் தொண்டைப் பக்கம் கசப்பு ஏறி நின்றது. கீழாநெல்லிதான், அல்லது அதற்கு நெருங்கிய ஏதோ ஒன்று. ஏன் இப்படி இழுக்கிறேன் என்று பின்னால் வரும்.

லேபிளில் முன்பக்கம், "ஒவ்வொரு கேப்சூலிலும் ஃபில்லாந்தஸ் நிருரி சாறு 500 மி.கி." அந்தச் சாறு எவ்வளவு செடியிலிருந்து எடுத்தது, தண்ணீரில் வடித்ததா ஆல்கஹாலில் வடித்ததா, அதில் ஃபில்லாந்தின் எவ்வளவு இருக்கிறது (கீழாநெல்லியில் கல்லீரலைக் காக்கும் சத்து என்று ஆய்வகங்கள் அதிகம் பேசுவது இதைத்தான்), ஒரு வரி கிடையாது. பின்பக்கம்தான் வியாபாரம்: "1988-ல் லான்செட் மருத்துவ இதழில் நிரூபிக்கப்பட்டது. 59% பேருக்கு ஹெபடைடிஸ் பி நீங்கியது."

இந்த வரியை முழுப் பொய் என்று சொல்லி முடித்துவிட முடியாது, அதுதான் சிக்கல். பொய்யாக இருந்தால் நாலு வரியில் இந்த விமர்சனம் முடிந்திருக்கும்.

நடந்தது நம்ம ஊர் ஆராய்ச்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் (பிற்பாடு அங்கேயே துணைவேந்தராக இருந்தவர்) தலைமையில் ஒரு குழு, கூடவே அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்திலிருந்து பாருக் பிளம்பெர்க். இந்த பிளம்பெர்க் லேசுப்பட்ட ஆள் இல்லை, ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து அதற்காக 1976-ல் நோபல் பரிசு வாங்கியவர். முதலில் ஆய்வகத்தில், அப்புறம் உட்சக் என்ற வட அமெரிக்கப் பிராணியில் சோதித்தார்கள். பெரிய அணில் வகை அது, ஹெபடைடிஸ் பி-க்குப் பங்காளி மாதிரியான ஒரு வைரஸ் அதற்கும் வரும் என்பதால் இந்தத் துறையில் ரொம்பக் காலமாகப் பயன்படுகிறது. கீழாநெல்லிச் சாற்றை ஊசியில் ஏற்றியபோது வைரஸின் தடயம் ரத்தத்தில் குறைந்தது என்று 1987-ல் எழுதினார்கள். அடுத்து மனிதர்கள். வைரஸை நிரந்தரமாகச் சுமக்கும் ஆட்களுக்குக் காய்ந்த கீழாநெல்லித் தூள் 200 மி.கி., தினம் மூன்று வேளை, 30 நாள். மருந்து முடிந்து ரெண்டு மூன்று வாரத்துக்குள் ரத்தம் எடுத்துப் பார்த்தால், தூள் சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு, வைரஸ் உடம்பில் இருப்பதற்கு அடையாளமான அதன் மேலுறைப் புரதம் ரத்தத்தில் காணவில்லை. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் அப்படி. 59-க்கு 4 சதவீதம். லேபிளில் இருப்பது இந்த 59.

இது எவ்வளவு பெரிய சேதி என்பதை இப்படிப் பாருங்கள். நிரந்தரமாக வைரஸ் இருப்பவர்களுக்கு அந்தப் புரதம் தானாக மறைவது வருஷத்துக்கு நூற்றில் ஒருவருக்கு என்ற கணக்கில்தான். இன்றைக்கு இருக்கும் நல்ல மாத்திரைகள், டெனோஃபோவிர், என்டெகாவிர், இவைகூட வைரஸைப் பெருகவிடாமல் அமுக்கி வைக்கின்றன, அடியோடு விரட்டுவது அபூர்வம். கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் தன் டிஎன்ஏவை வளையமாகச் சுருட்டிப் பதுக்கி வைத்துவிடும் வைரஸ் அது. அதை வரப்போரம் முளைக்கும் ஒரு செடி ஒரே மாதத்தில் பாதிப் பேருக்கு மேல் துரத்தியது என்றால் உலகமே திரும்பிப் பார்க்கத்தான் செய்யும். பார்த்தது. ஆனால் அந்தக் கட்டுரையே தன்னை 'முதற்கட்ட ஆய்வு' என்றுதான் சொல்லிக்கொண்டது. லேபிள்காரர்கள்தான் அதை 'நிரூபிக்கப்பட்டது' ஆக்கிவிட்டார்கள்.

லேபிளில் இல்லாத பாதி இனிமேல்தான். தாய்லாந்தில் கொடுத்துப் பார்த்தார்கள், வைரஸ் போகவில்லை என்று 1990-ல் அதே லான்செட்டில் வந்தது. நியூசிலாந்தில் பார்த்தார்கள், 1994-ல் தோல்வி என்று எழுதினார்கள். அதே வருஷம் வெளியான ஒரு இந்தியச் சோதனையிலும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. 2011-ல், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 16 சோதனைகளையும் அவற்றில் இருந்த 1326 பேரையும் சேர்த்து அலசியது. வைரஸ் எதிர்ப்பு மருந்தோடு கூடச் சேர்த்துக் கொடுத்தபோது கொஞ்சம் பலன் மாதிரி தெரிந்தது, ஆனால் அந்தச் சோதனைகள் நடத்தப்பட்ட விதம் நம்பும்படி இல்லை. அந்த 16-ல் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டது ஒரே ஒரு சோதனைதான், அதில் பலன் தெரியவில்லை. ஆக நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-க்கு இதைப் பரிந்துரைக்க ஆதாரம் போதாது.

இதற்கு ஒரு பதில் வாதம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். செடி வளர்ந்த மண் வேறு, பறித்த பருவம் வேறு, காயவைத்த விதம் வேறு, அதனால் மருந்தின் வீரியமும் வேறு, சென்னையில் வேலை செய்தது வேறிடத்தில் செய்யாமல் போகலாம் என்பது. நியாயமான வாதம்தான், நான் தள்ளமாட்டேன். ஆனால் அந்த வாதம் சரி என்றால் கம்பெனிக்குத்தான் முதலில் சங்கடம். எந்த ஊர்ச் செடி, எந்த மாதம் பறித்தது, எந்த இனம் என்று லேபிளில் போட்டாக வேண்டுமே? இங்கே இனத்தின் பெயரே தப்பு. 'நிருரி' என்று போட்டிருக்கிறார்கள். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம்மூர்க் கீழாநெல்லியைப் பழைய நூல்களில் அந்தப் பெயரில் எழுதி வந்தார்கள், பிறகு தாவரவியலாளர்கள் பிரித்து 'அமாரஸ்' என்றார்கள். 1987 கட்டுரையில் நிருரி, 1988 கட்டுரையிலேயே அமாரஸ். லேபிளில் பெருமையாகக் காட்டும் கட்டுரையின் தலைப்பையாவது படித்திருந்தால் இந்தத் தப்பு வந்திருக்காது.

பெயர் தப்பானால் என்ன, சரக்கு சரியாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். சரக்கிலும் சந்தேகம் இருக்கிறது. தென்னிந்தியாவில் 25 கடைகளில் கீழாநெல்லி என்று விற்கும் காய்ந்த செடியை வாங்கி, கண்ணாலும் பார்த்து, டிஎன்ஏ சோதனையும் செய்து 2010-ல் வெளியிட்டார்கள். முக்கால்வாசி மாதிரிகளில் அமாரஸ்தான் பிரதானமாக இருந்தது, மீதியில் அதே குடும்பத்தின் வேறு ஐந்து இனங்கள். காய்ந்து நொறுங்கிய பிறகு எது எது என்று கடைக்காரருக்கே தெரியாது, அவர் வேண்டுமென்று கலப்படம் செய்கிறார் என்றுகூட சொல்ல முடியாது, பறித்துக் கொண்டுவருகிறவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரி சின்ன இலை, இலைக்கடியில் சின்னக் காய். அதனால்தான் தட்டில் கொட்டிய தூளைப் பார்த்து 'நெருங்கிய ஏதோ ஒன்று' என்றேன்.

அப்போ காமாலைக்குக் கேட்கிறதே, நம்ம வீட்டிலேயே எத்தனை பேருக்குக் கேட்டிருக்கிறது? ஆமாம், எங்கள் வீட்டிலும்தான். வெறும் வயிற்றில், சுண்டைக்காய் அளவு பச்சையாய் அரைத்து மோரில் கலக்கி, உப்பில்லாக் கஞ்சிப் பத்தியத்தோடு. நம்மூரில் வரும் காமாலையில் பெரும்பகுதி ஹெபடைடிஸ் ஏ-யும் ஈ-யும், கெட்டுப்போன தண்ணீரால் வருவது, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்தில் தானாக அடங்கிவிடும். ஹெபடைடிஸ் பி-யே பெரியவர்களுக்குப் புதிதாகத் தொற்றினால் நூற்றில் 95 பேரளவில் உடம்பே துரத்திவிடும். அந்த நேரத்தில் எதைக் குடித்தாலும் பெயர் அதற்குத்தான் போகும். நிரந்தரமாகத் தங்குவது பெரும்பாலும் பிறக்கும்போதோ சின்னக் குழந்தையாக இருக்கும்போதோ தொற்று வாங்கியவர்களுக்கு, பச்சிளம் குழந்தைகளில் 90 சதவீதம் வரை தங்கிவிடும். சித்தப்பா அந்த ரகம் என்றுதான் டாக்டரும் நினைக்கிறார்.

எல்லாக் காமாலையையும் இப்படிப் பொறுத்திருந்து பார்க்கக் கூடாது. கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் ஈ வந்தால், அதுவும் கடைசி மூன்று மாதத்தில், உயிருக்கே ஆபத்து. மலம் வெளுத்து உடம்பெல்லாம் அரித்தால் பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம், அங்கே எந்த இலையும் உள்ளே போய் அடைப்பை எடுக்காது. பேச்சு குழறினாலோ, பகலெல்லாம் தூங்கிவழிந்தாலோ பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே ஓட வேண்டும்.

பக்கவிளைவு பற்றி. கீழாநெல்லியைப் பற்றி இந்தச் சோதனைகளில் பெரிய கெடுதல் எதுவும் பேசப்படவில்லை, அந்த அளவில் நிம்மதி. ஆனால் மூலிகை என்றாலே கல்லீரலுக்குச் சாது என்ற நினைப்பு வேண்டாம். 2020-ல் கொரோனா பயத்தில் சீந்தில் கொடியைக் கொதிக்கவைத்தும் மாத்திரையாகவும் விழுங்கிய ஆறு பேருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை டாக்டர்கள் அடுத்த வருஷம் எழுதினார்கள். சாப்பிடுவது எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், நம்மில் பாதிப் பேர் 'திட்டுவாரே' என்று சொல்வதே இல்லை.

காசுக் கணக்கு: டப்பாவில் சொன்னபடி காலை 2, இரவு 2 போட்டால் 15 நாளில் தீர்ந்துவிடும், மாதம் 680 ரூபாய். இதே செடி மழை பெய்தால் எங்கள் வீட்டுப் பின்பக்கம் சும்மா முளைக்கிறது. இன்னொரு பக்கம், தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் என்று 2018 ஜூலையில் தொடங்கியது இருக்கிறது, அதில் ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் போய்க் கேளுங்கள். சித்தப்பா அங்கேதான் போகிறார். வைரஸ் அளவு குறைவு, கல்லீரல் அழற்சி எண்களும் சரியாக இருக்கின்றன, இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள், சாராயம் பக்கம் போகாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். சித்திக்கும் பிள்ளைகளுக்கும் ரத்தம் பார்த்து, தொற்று இல்லாததால் தடுப்பூசியும் ஆரம்பித்தாயிற்று. டப்பாவில் இந்தத் தடுப்பூசியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, இத்தனைக்கும் அதற்கு வழிபோட்டவரும் அதே பிளம்பெர்க்தான்.

மதிப்பெண்: பேக்கிங்குக்கு ஐந்துக்கு நாலு. லேபிளுக்கு ஒன்று, அதுவும் தேதியைச் சரியாகப் போட்டதற்காக. ஹெபடைடிஸ் பி மருந்தாக என்றால் பூஜ்யம். வாங்கியே தீருவேன் என்கிறவர்கள் 'அமாரஸ்' என்று போட்டு, சாறா தூளா என்பதையும், கன உலோகச் சோதனை செய்ததையும் வெளிப்படையாக எழுதியிருக்கும் டப்பாவாகப் பாருங்கள், டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை மட்டும் இதற்காக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் வைரஸ் சீறிக்கொண்டு எழும்பும். இரண்டாவது டப்பா சீல் உடையாமல் இருந்ததால் கடைக்குக் கொண்டுபோனேன். பணம் தர மாட்டோம், பதிலுக்கு வேறு சாமான் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நெல்லிப்பொடியும் சுக்கும் எடுத்தேன், சுக்கு நல்ல சரக்கு.