பார்பெஸில் வாங்கிய மண் தஜீன்

பாரிஸில் தமிழ்க் கடைகள் உள்ள லா ஷப்பலில் மரக்கறி வாங்கிக்கொண்டு அடுத்த மெட்ரோ நிலையமான பார்பெஸ் வரை நடந்தால் மொரோக்கோ, அல்ஜீரியாக்காரரின் கடைகள் தொடங்கிவிடும். புதன், சனி காலைகளில் மெட்ரோ பாலத்துக்குக் கீழே சந்தையும் கூடும். அந்தப் பக்கத்திலுள்ள சின்னப் பாத்திரக் கடை ஒன்றில்தான், கூம்பு மூடி போட்ட மொரோக்கோ மண் சட்டியான இந்தத் தஜீனை வாங்கினேன்.

வாசலில் பூ வேலைப்பாட்டோடு நீலமும் பச்சையுமாக அடுக்கியிருந்தார்கள். கடைக்கார ஐயா முதலில் கேட்டது, "சமைக்கவா, மேசையில் வைக்கவா?" சமைக்க என்றதும் உள்ளே போய் பூச்சு எதுவும் இல்லாத, கனமான மண் சட்டியைத் தூக்கி வந்தார். அழகுக்குச் செய்யும் சிலவற்றின் பூச்சில் ஈயம் இருக்கும், அவற்றை அடுப்பில் வைக்கவே கூடாது. அந்த ஒரு கேள்விக்காகவே அந்தக் கடையைத் தாராளமாகச் சொல்லலாம். குறை என்றால், எப்படிப் பழக்குவது என்று ஒரு துண்டுத் தாளும் தரவில்லை. இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, துடைத்து, ஒலிவ் எண்ணெய் பூசி, குளிர்ந்த ஓவனுக்குள் வைத்து, 150 பாகையில் 2 மணிநேரம் மெதுவாகச் சூடாக்க வேண்டும். ஆறும்வரை வெளியே எடுக்கக் கூடாது.

இதில் நான் அதிகம் சமைப்பது உப்புத் தேசிக்காயும் ஒலிவ் காயும் போட்ட கோழி. வெங்காயத்தை வெட்டாமல் துருவ வேண்டும். அதோடு உள்ளி, இஞ்சித்தூள், மஞ்சள், மிளகு, குங்குமப்பூ, ஒரு பிடி மல்லியிலையும் பார்ஸ்லியும், தாராளமாக ஒலிவ் எண்ணெய். எலும்போடு கோழிக்கால், அரைக் கோப்பை தண்ணீர், அவ்வளவுதான். மிளகாய்த்தூளுக்குக் கை போகும், போடாதீர்கள். ரஸ் எல் ஹானூத் என்கிற மொரோக்கோ மசாலாக் கலவைக்கும் இதில் வேலை இல்லை.

மிக மெல்லிய நெருப்பில் ஒரு மணிநேரம் தாண்டியதும் மூடியைத் தூக்கிப் பாருங்கள். உட்பக்கத்தில் திரண்ட நீர் சரிந்து சட்டிக்குள் இறங்கும். வெங்காயம் இருந்த இடமே தெரியாது, எண்ணெய் பிரிந்து மஞ்சள் குழம்பு இறைச்சியைச் சுற்றித் தடித்து நிற்கும். ஒலிவையும் தேசிக்காய்த் தோலையும் அப்போதுதான் சேர்க்க வேண்டும். அந்தத் தேசிக்காய் எங்கள் ஊறுகாய்க்கு உறவு மாதிரித்தான், ஆனால் வெயிலில் காய்வதில்லை, தன் சாற்றிலும் உப்பிலுமே வாரக்கணக்கில் ஊறும். அதனால் கறிக்கு உப்பைக் குறையுங்கள். சாப்பிடப் பாண்தான் சரி. ரவையில் செய்கிற கூஸ்கூஸ் மொரோக்கோக்காரருக்கு வேறு சமையல்.

கனமான இரும்புச் சட்டியிலும் இதே கறி நன்றாகத்தான் வரும். ஆனால் மண்ணில் அடிப்பிடிப்பது குறைவு, குழம்பும் மேசையில் நெடுநேரம் சூடாக இருக்கும். என்னுடையதில் மூடி கொஞ்சம் ஆடுகிறது. ஆவி போவதால் இடையில் தண்ணீர் பார்க்க வேண்டியிருக்கிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவ முடியாது, மண் உறிஞ்சிவிடும். மீன் சமைத்தால் வாடை நிற்கும், அதற்கு வேறு சட்டி வைத்திருங்கள்.

இண்டக்ஷன் அடுப்பு உள்ளவர்கள் இதற்குச் செலவழிக்க வேண்டாம். காஸ் அடுப்பு என்றால் 30 சென்ரிமீற்றர் அளவு வாங்குங்கள், 4 பேருக்குப் போதும். சட்டிக்கும் நெருப்புக்கும் நடுவில் வைக்கிற இரும்புத் தட்டையும் அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள், அது இல்லாவிட்டால் சட்டியில் வெடிப்பு விழலாம்.