ஷெல்லி–காட்வின் இணையக் காப்பகம்: கையெழுத்தில் கவிதை படிக்க எவ்வளவு உதவும்?

அச்சு நூலை மட்டும் நம்பிப் படிக்கக் கூடாத கவிதை ஒன்று உண்டென்றால் அது ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் நாடகக் கவிதையான ‘ப்ரோமிதியஸ் அன்பவுண்ட்’. அதைக் கவிஞரின் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் படிக்க, பணம் எதுவும் கேட்காமல் வழி தருகிறது ஷெல்லி–காட்வின் காப்பகம் என்ற இணையதளம். நியூயார்க் பொது நூலகமும் மேரிலாந்து பல்கலைக்கழகமும் ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தோடு சேர்ந்து 2013 அக்டோபர் 31 அன்று இதைத் திறந்தன. இந்த ஒரு கவிதைக்காகவே அதைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். ஷெல்லியின் மற்றக் கவிதைகளுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

ஷெல்லி 1818 இலையுதிர் காலத்தில் இத்தாலியின் எஸ்தே ஊரில் முதல் அங்கத்தை எழுதினார். இரண்டும் மூன்றும் 1819 வசந்தத்தில் ரோமில் உருவாயின. நான்காவது அங்கம் அதே ஆண்டின் பிற்பகுதியில் ஃப்ளாரன்ஸில் சேர்ந்தது. 1820இல் லண்டனில் நூல் அச்சானபோது அவர் இத்தாலியில்தான் இருந்தார். மெய்ப்புப் பார்க்க வாய்க்கவில்லை. பிழைகள் மலிந்தன. அச்சகத்துக்குப் போன படி அவர் மனைவி மேரி ஷெல்லி எழுதிய நகல். அது இன்று இல்லை. மிஞ்சியிருப்பது ஷெல்லியின் கையால் எழுதிய செம்பிரதி, அதாவது வரைவைத் திருத்திச் சுத்தமாக எழுதிய படி. பாட்லியனில் எம்.எஸ். ஷெல்லி இ.1, இ.2, இ.3 என்ற எண்களில் உள்ள மூன்று குறிப்பேடுகளில் அது இருக்கிறது.

தளத்தில் பக்கத்தின் படம் ஒரு புறம், பெயர்த்தெழுதிய பாடம் மறுபுறம் நிற்கும். அடித்த சொல் அடித்தபடியே, வரிக்கு மேல் செருகிய சொல் மேலேயே காட்டப்படுகிறது. இந்தக் குறிப்பேடுகளைத் திறக்க இரண்டு வரிசைகள் உண்டு: ஏடு கட்டப்பட்ட வரிசை, கவிதை ஓடும் வரிசை. முதன்முறை போகிறவர்கள் கவிதை வரிசையையே எடுக்க வேண்டும். குறிப்பேட்டின் ஓட்டமும் நாடகத்தின் ஓட்டமும் ஒன்றல்ல. ஏட்டு வரிசையில் புரட்டினால் இடம் பிடிபடாமல் திணற நேரும். எந்த வரி எப்போது, எங்கே இடம் தேடிச் சேர்க்கப்பட்டது என்று ஆராயும்போதுதான் ஏட்டு வரிசை பயன்படும்.

தளத்தின் மதிப்பை ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். இரண்டாம் அங்கம், ஐந்தாம் காட்சி: ஆசியா என்ற பெண் பாத்திரத்தை நோக்கிக் காற்றில் ஒரு குரல் பாடுகிறது. 1820 பதிப்பில் அந்தப் பாட்டின் இரண்டாம் பத்தி ‘ஒளியின் குழந்தையே, உன் லிப்ஸ் எரிகின்றன, அவற்றை மறைப்பதுபோல் தோன்றும் ஆடையினூடே’ என்ற பொருளில் தொடங்கும். லிப்ஸ் என்றால் இதழ்கள். இதழை எந்த ஆடை மறைக்கிறது? கையெழுத்தில் இருப்பது ‘லிம்ஸ்’, உடலின் உறுப்புகள். பாட்டின் முதல் வரியிலேயே ‘லிப்ஸ்’ வருவதால், நகலெடுத்தவர் கண்ணோ அச்சுக் கோத்தவர் கண்ணோ அங்கே தாவியிருக்கலாம். 1839இல் மேரி வெளியிட்ட பதிப்பு ‘லிம்ஸ்’ என்றே திருத்திக்கொண்டது. ஷெல்லி தம் கையால் எழுதிய பிழைதிருத்தப் பட்டியலைக் கொண்டே இந்நாடகத்தில் சொற்களை மாற்றியதாக மேரி அதில் குறிப்பிடுகிறார்.

ஆனால் செம்பிரதியும் அச்சும் மாறுபடும் இடமெல்லாம் அச்சுப்பிழை என்று துள்ளக் கூடாது. நடுவில் இருந்த நகல் தொலைந்துவிட்டதால் ஒவ்வொரு பாடபேதத்துக்கும் மூன்று விளக்கங்கள் சாத்தியம்: அச்சுக் கோத்தவர் பிழை, நகலெடுக்கையில் நேர்ந்த பிழை, அந்த நகலில் ஷெல்லியே செய்த மாற்றம். பொருள் உடைகிறதா, யாப்பு உடைகிறதா, 1839 பதிப்பு எந்தப் பக்கம் நிற்கிறது என்ற மூன்றையும் பார்த்த பிறகே தீர்ப்பு சொல்ல வேண்டும். தளம் கையெழுத்தைத் தருகிறது. இந்த ஒப்பீட்டைச் செய்து தராது. 1820, 1839 பதிப்புகளின் படங்களை வேறு சாளரத்தில் திறந்து வைத்துக்கொள்வது அவசியம்.

ஷெல்லியின் கையெழுத்துக்குப் பழக நல்ல இடம், எதிர்பாராத வகையில், இதே தளத்தில் உள்ள ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ வரைவுகள். அது உரைநடைதான், எழுதியவர் மேரிதான். ஆனால் அவர் கணவர் பெர்ஸி ஷெல்லி, அதாவது நம் கவிஞர், அதில் ஏராளமாகத் திருத்தியிருக்கிறார். ஒருவர் கையை மட்டும் பிரித்துக் காட்டும் வசதி அங்கே இருக்கிறது. பெர்ஸியின் கையைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலான பக்கங்களில் சில சொற்களே மிஞ்சும். மேரியின் தெளிவான எழுத்துக்கு நடுவே அந்தச் சில சொற்களைப் படித்துப் பழகிய பிறகு முழுப் பக்கமும் அவர் கையாக உள்ள குறிப்பேட்டுக்குப் போனால் மிரட்சி இராது.

படிக்கும் முறையும் முக்கியம். படத்தைப் பெரிதாக்கி, பெயர்த்தெழுதிய பாதியை மறைத்துவிட்டு, ஐந்தாறு வரிகளைத் தாளில் எழுதிப் பாருங்கள். பிறகு ஒப்பிடுங்கள். பாடத்தை முதலில் பார்த்துவிட்டால் கண் அதையே படத்திலும் காணும். நிறுத்தக்குறிகளில் மிகுந்த கவனம் வேண்டும்: மைத்துளி, தாளின் புள்ளி, உண்மையான முற்றுப்புள்ளி மூன்றும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். பின்பக்க மை ஊறித் தெரிகிறதோ என்று ஐயம் வந்தால் அந்தத் தாளின் மறுபக்கத்தைத் திறந்து அதே இடத்தைப் பாருங்கள். அங்கே இடவலம் மாறிய அதே கோடு இருந்தால் அது ஊறிய மைதான். கனமாக அடித்த சொற்களைச் சாதாரண வெளிச்சத்தில் எடுத்த படத்தில் முழுதாகப் படிக்க முடியாது.

எக்ஸ்.எம்.எல். காட்சியை, அதாவது பாடத்தைக் கணினிக் குறியீடுகளோடு காட்டும் பக்கத்தை, கணினிக்காரர்களுக்கானது என்று ஒதுக்க வேண்டாம். எது நீக்கம், எது செருகல், எந்தச் சொல்லில் பதிப்பாளருக்கே ஐயம் என்ற குறியீடுகள் அங்கே வெளிப்படையாக இருக்கின்றன. சுவடிப் பதிப்பில் ஈடுபட்டவர்களுக்கு இந்த நேர்மை பிடிக்கும்.

குறைகளும் சிறியவை அல்ல. தேடல் பெயர்த்தெழுதிய பக்கங்களில்தான் வேலை செய்யும். அதிலும் கையெழுத்தில் உள்ள எழுத்துக்கூட்டலோடு தேட வேண்டும். கைபேசியில் படமும் பாடமும் நெருக்கியடித்துக்கொள்வதால் அகன்ற திரை இல்லாமல் உட்காருவதில் பயனில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, கவிதைகளின் முதல் வரைவுகளுக்கு இந்தத் தளத்தை நம்பியிருக்க முடியாது என்பதே. கவிஞனின் கை தடுமாறித் தேடுவதைக் காண விரும்புகிறவர்களுக்குச் செம்பிரதி பாதி விருந்துதான்.

அந்தப் பசிக்கு ஹார்வர்டின் ஹூட்டன் நூலகம் இணையத்தில் வைத்திருக்கும், ஷெல்லி காலத்துக் கவிஞர் கீட்ஸின் கையெழுத்துத் தொகுப்பு ஏற்றது. 1819 செப்டம்பர் 19 அன்று வின்செஸ்டரில் எழுதிய ‘டு ஆட்டம்’ (இலையுதிர் காலத்துக்கு) கவிதையின் வரைவு அதில் இருக்கிறது. அச்சில் கசகசாப் பூக்களின் மணத்தில் மயங்கிக் கிடக்கும் இலையுதிர் காலம், வரைவில் சிவந்த கசகசாப் பூக்களை மருந்தாக உட்கொண்டதுபோல் கிடக்கிறது. கடைசி வரியின் தகைவிலான் குருவிகள் அச்சில் கூடிக்கொண்டிருக்கின்றன, வரைவில் கூடிவிட்டன. பெயர்த்தெழுதிய பாடம் படத்தின் அருகில் கிடைக்காது. 33 வரிக் கவிதைதான் என்பதால் அச்சு நூலை வைத்துக்கொண்டே சமாளிக்கலாம்.

ஷெல்லியின் வரைவுகளுக்கோ பெரிய நூலகத்தை நாடத்தான் வேண்டும். பாட்லியனில் உள்ள அவருடைய கையெழுத்துகளைப் படமும் பெயர்த்தெழுதிய பாடமுமாக 23 தொகுதிகளில், 1986 முதல் 2002 வரை கார்லண்ட் நிறுவனம் அச்சிட்டது. அங்கே முதலில் கேட்க வேண்டியது 23ஆம் தொகுதி. அது கையெழுத்துகளின் பட்டியலும் பொருளடைவும். தேடும் கவிதை எந்தக் குறிப்பேட்டில் இருக்கிறது என்று அதைப் பார்த்துவிட்டு உரிய தொகுதியை எடுக்கலாம்.