63 மைக்ரோன் பித்தளைச் சல்லடை: பூச்சி எண்ண நல்லது, செப்பு அளக்க ஆகாது

கண்டிப் பக்கம் ஆய்வுகூடச் சாமான் விற்கும் கடைகளில் மண் பரிசோதனைக்கென்று கிடைக்கும் சோடி இது. மேல்தட்டின் கண் 500 மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று ஒரு மைக்ரோன்), கீழ்த்தட்டின் கண் 63 மைக்ரோன், அடியில் ஏந்து தட்டு. வளையம் பித்தளை, வலை துருப்பிடிக்காத உருக்கு. தேயிலை ஆலையில் பி.ஓ.பி. என்ற பருந்தூளையும் டஸ்ட் என்ற பொடித்தூளையும் பிரிக்கிற அதே வேலைதான், கண் மட்டும் பலமடங்கு பொடி.

மகாவலி கடலில் விழும் கொட்டியாரக் குடாவில் சேறு எடுத்து மலைக்குக் கொண்டுவந்து, மாசை அறிய அதிலுள்ள சிற்றுயிர்களை எண்ணுபவர்களுக்கு இந்த இரண்டு கண்ணளவும் பொருத்தம். சிப்பித் துண்டும் இலைச்சருகும் 500இல் நிற்கும். வட்டப்புழு, இறால் கூட்டத்துச் சிற்றுயிரான கோபிபோட், ஓட்டுக்குள் வாழும் ஒற்றைக்கல உயிரான போராமினிபெரா 63இல் தங்கும். கோபிபோட் குஞ்சுகள் கொஞ்சம் நழுவும். அவையும் வேண்டுமென்றால் 38 மைக்ரோன் தட்டு தனியாக வாங்க வேண்டும்.

களி கண்ணை அடைத்தால் விரலால் தேய்க்கக் கூடாது. வலை தொய்யும், புழு அறுந்துபோகும். தட்டைத் தண்ணீர்ப் பேசினில் பாதி அமிழ்த்தி, அடியில் உள்ளங்கையால் தட்டினால் போதும். வலையும் வளையமும் சேரும் ஈயப்பற்றுதான் இதன் பலவீனம். அந்தப் பள்ளத்தில் ஒளிந்த புழுக்கள் அடுத்த மாதிரியின் கணக்கில் ஏறிவிடும். ஒவ்வொரு முறையும் பின்பக்கமிருந்து பீச்சிக் கழுவுங்கள். வாங்கும்போதே வெளிச்சத்தில் பிடித்து ஓரத்தைப் பாருங்கள்.

மாதிரியை 4 வீத போர்மலினில் வைப்பவர்கள் சிறிது வெண்காரம் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் அமிலம் போராமினிபெராவின் சுண்ணாம்பு ஓட்டை அரிக்கும். பாரஉலோகம் இருக்கும் இடத்தில் இந்த ஓடுகளின் அறைகள் கோணலாக வளர்வதுண்டு. அதைப் பார்க்கப் போய், அரிப்பைக் கோணலென்று எழுதிவிடக் கூடாது. கோபிபோட் குறைந்து வட்டப்புழு மட்டும் மிஞ்சுவதும் மாசின் அறிகுறிதான். ஆனால் களி கூடிய சேற்றில் மாசில்லாமலே கோபிபோட் குறையும். மணற்பருமனைப் பார்க்காமல் செப்பைக் குற்றஞ்சாட்டுவது அவசரம்.

பெரிய குறை இனித்தான். உலோகம் அதிகம் ஒட்டியிருப்பது 63க்குக் கீழான நுண்களியில். ஏந்து தட்டில் அது தயாராகக் கிடக்க, அள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பக் கை துறுதுறுக்கும். அனுப்பாதீர்கள். பித்தளை என்பதே செப்பும் நாகமும் (துத்தநாகம்) சேர்ந்ததுதான். உரசி வந்த துகள் குடாவின் மாசாகப் பதிவாகும். உயிரோடு வளர்க்கப்போகும் கோபிபோட்டையும் இதில் அலசக் கூடாது, செப்பு அவற்றுக்கு நஞ்சு.

உலோகத்துக்கு 63 மைக்ரோன் நைலோன் வலையை பி.வி.சி. குழாய்த் துண்டில் இழுத்து ஒட்டிக்கொள்வதே சிக்கனம், கரண்டியும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். சேறு எடுக்கும் குழாயின் உள்விட்டம் 3.6 சென்ரிமீற்றர் என்றால் பரப்பு ஏறத்தாழ 10 சதுர சென்ரிமீற்றர் வரும்; எண்ணிக்கையை வழக்கமாகச் சொல்வதும் அந்தப் பரப்புக்குத்தான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழாய் இறக்குங்கள்: ஒன்று பித்தளைக்கு, மற்றது நைலோனுக்கு.