ஊட்டியா, கொடைக்கானலா, மூணாறா: தை மாசக் குளிருக்கு ரெண்டு பேரா எங்க போலாம்?

போன வாரம் என் நாத்தனார் பொண்ணு போன் பண்ணா. கல்யாணம் ஆகி இதான் அவளுக்கு முதல் தை. "அத்தை, நாங்க ரெண்டு பேரும் ஒரு மூணு நாள் குளிருக்கு எங்கயாச்சும் போலாம்னு பாக்கறோம், ஊட்டியா கொடைக்கானலா மூணாறா, நீங்க ஒண்ணு சொல்லுங்க"னா. முக்கால் மணி நேரம் பேசியும் முடியல, அதான் எழுதியே குடுத்துடலாம்னு உக்காந்துட்டேன்.

எங்க கல்யாண நாளும் தை மாசத்துலதான். மதுரைக்காரங்க நாங்க, 27 வருஷம் ஆச்சு, பசங்க கைக்குழந்தையா இருந்த அஞ்சாறு வருஷம் போக மத்தபடி வருஷா வருஷம் அந்த நாள ஒட்டி மலையேறிருவோம், பசங்கள எங்க அம்மாகிட்ட விட்டுட்டு ரெண்டு பேர் மட்டும். அதனால இந்த மூணு ஊரும் எங்களுக்கு நல்லாவே பழக்கம்.

முதல்ல ஒண்ணு. எல்லாரும் இந்த ஊர்கள ஒப்பிடறப்ப எங்க எத்தனை வியூ பாயிண்ட் இருக்குனு எண்ணிப் பாக்கறாங்க. குளிர்காலத்துக்கு அந்தக் கணக்கு உதவாது. ஜனவரில ஆறேகால் ஆறரைக்கெல்லாம் பொழுது சாஞ்சிரும், வெயில் போன கையோட குளிர் எறங்கிரும், காலைலயும் எட்டு மணி வரைக்கும் போர்வைய விட்டு எந்திரிக்க மனசு வராது. ஒரு நாள்ல பாதிக்கு மேல ரூம்லயும் ரூமச் சுத்தியும்தான் போகும். அதனால சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ரெண்டு பேரும் என்ன பண்ணுவீங்க, காலைல கதவத் தொறந்தா என்ன தெரியும், இந்த ரெண்ட வச்சுத்தான் நான் ஊர முடிவு பண்ணுவேன்.

எப்ப போறதுனு ஒரு வார்த்தை. டிசம்பர் முதல் பாதில வடகிழக்குப் பருவமழை இன்னும் ஓஞ்சிருக்காது, மலைப்பாதைல மண்ணு சரியும், ஊட்டி ரயில நிறுத்திருவாங்க. கிறிஸ்துமஸ்ல இருந்து புத்தாண்டு வரைக்கும் மூணு ஊர்லயும் வண்டி நகராது, பொங்கல் லீவும் அப்படித்தான். பொங்கல் முடிஞ்சதுல இருந்து பிப்ரவரி பாதி வரைக்கும், அதுலயும் செவ்வாய் புதன் வியாழன், அதுதான் ரெண்டு பேரா போறவங்களுக்கான நாள். வானம் துடைச்சு விட்ட மாதிரி இருக்கும், ரூம் வாடகையும் எறங்கிருக்கும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாசத்துல இருந்து வண்டிக்கு இ-பாஸ் வேணும், ஹைகோர்ட் உத்தரவு, ஆன்லைன்லயே எடுத்துக்கலாம், கெளம்பறதுக்கு முன்னாடி மறக்காம எடுத்துருங்க.

இப்ப போற வழி. இதுல ஊட்டிகிட்ட மத்த ரெண்டும் நிக்க முடியாது, ஏன்னா ஊட்டிக்கு ரயில் இருக்கு. மேட்டுப்பாளையத்துல காலைல ஏழு பத்துக்கு எடுத்து 46 கிலோமீட்டர் போறதுக்கு மத்தியானம் ஆயிரும், கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம். குன்னூர் வரைக்கும் நீராவி எஞ்சின், அது முன்னாடி இழுக்காது, பின்னாடி இருந்து தள்ளிட்டே வரும். கல்லாறு தாண்டுனதும் ஏத்தம் செங்குத்தாயிடும், பன்னெண்டு அடி போனா ஒரு அடி ஏறும், அங்க தண்டவாளத்துக்கு நடுவுல பல் வச்ச ரெட்டைக் கம்பி ஓடும், எஞ்சினோட பல்சக்கரம் அதப் புடிச்சுப் புடிச்சுத்தான் ஏறும். 1899ல குன்னூர் வரைக்கும் போட்டாங்க, 1908ல ஊட்டி வரைக்கும் வந்துச்சு, 2005ல யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமா அறிவிச்சாங்க. 16 குகை, 250 பாலம். இந்த விவரமெல்லாம் எங்கயும் படிச்சுக்கலாம், ஆனா அஞ்சு மணி நேரம் பக்கத்துல பக்கத்துல இடிச்சுக்கிட்டு உக்காந்து, ஒவ்வொரு குகைக்குள்ள போறப்பயும் பெட்டியே கூச்சல் போட, ஸ்டேஷன்ல எறங்கி வடையும் டீயும் வாங்கித் தின்னுக்கிட்டு போறது இருக்கே, எங்க வீட்டுக்காரரு பேங்க்ல ராத்திரி பகலா வேலை பாத்துட்டு இருந்த காலத்துல அவரு என்கிட்ட தொடர்ந்தாப்ல அஞ்சு மணி நேரம் பேசுனது அந்த ரயில்லதான். டிக்கெட் கெடைக்கறது கஷ்டம், முன்பதிவு தொடங்குன அன்னைக்கே போட்ரணும். சென்னைக்காரங்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் ராத்திரி ஏறுனா காலைல மேட்டுப்பாளையத்துலயே விட்ரும், அப்படியே மலை ரயிலுக்கு மாறிக்கலாம்.

கொடைக்கானலுக்கு கொடை ரோடு ஸ்டேஷன்ல எறங்கி இன்னும் 80 கிலோமீட்டர் ரோடுதான், வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும். மதுரைல இருந்து எங்களுக்கு நாலு மணி நேரம், காலைல இட்லி சாப்ட்டு கெளம்புனா மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்க இருப்போம். பாதை வளைஞ்சு வளைஞ்சு போகும், எனக்கு தலை சுத்தும், அதனால எலுமிச்சம்பழமும் சுக்கும் கைல இருக்கும். மூணாறுக்கு எங்க பக்கத்துல இருந்து தேனி, போடி வழி. போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு, ஏறி முடிச்சதும் ஏலக்காய்த் தோட்டம், பூப்பாறை தாண்டி கேப் ரோட்டுல போறப்ப ஒரு பக்கம் முழுசா பள்ளத்தாக்கு தொறந்து கெடக்கும், அந்த ரோடு ரொம்ப அழகு, ஆனா ஓட்டறவருக்கு அது தெரியாது, அவரு கண்ணு ரோட்ட விட்டு நகரவே கூடாது. ரெண்டு பேர்ல ஒருத்தர் மட்டும் ரசிக்கற பயணம் எனக்குப் பிடிக்கறதில்ல, அதனால மூணாறுக்கு மட்டும் நாங்க டிரைவர் வச்சுக்குவோம். சென்னைல இருந்து போடிக்கு இப்ப நேரடி ரயிலே இருக்கு, 2023ல வந்துச்சு, வாரத்துல மூணு நாள், அதுல வந்து எறங்கி கார் எடுத்துக்கலாம்.

சரி, ஆறு மணிக்கு வருவோம்.

இதுலதான் கொடைக்கானல் ஜெயிக்குது. ஏரியச் சுத்தி ரோடு இருக்கு, ஒரு சுத்து சுமார் அஞ்சு கிலோமீட்டர், ஏத்த எறக்கம் கெடையாது, வயசானவங்களும் நடக்கலாம். 1863ல லெவிஞ்சுங்கற கலெக்டர் ஓடைய மறிச்சு கட்டுன ஏரி அது, நட்சத்திரம் மாதிரி கை கையா பிரிஞ்சு கெடக்கறதால நடக்க நடக்க ஏரி மறையும், திரும்ப வரும், பாத்ததையே பாக்கற மாதிரி இருக்காது. நாலரைக்கு ஆரம்பிச்சா சோளக்கருது, மிளகாய் பஜ்ஜி, ஒரு பிரெட் ஆம்லெட்னு நின்னு நின்னு போயி ஆறரைக்கு சுத்தி முடிப்போம், அதுக்குள்ள தண்ணி மேல பனிமூட்டம் எறங்கிருக்கும், எதிர்ல வர்றவங்க தலை மட்டும்தான் தெரியும். அவரு சால்வைல பாதிய எனக்குக் குடுத்துட்டு நடப்பாரு. மதுரை தெருவுல நாங்க அப்படி நடந்ததே கெடையாது.

கோக்கர்ஸ் வாக்கும் அங்கதான், ஒரு கிலோமீட்டர் நடைபாதை, மலை விளிம்புலயே ஓடும். சாயங்காலம் கீழ பள்ளத்துல மேகம் நெரம்பி நமக்குப் பின்னாடி வெயில் அடிச்சா, நம்ம நிழல் அந்த மேகத்து மேல விழும், தலையச் சுத்தி ஒரு வட்ட வானவில் இருக்கும். இத்தனை வருஷத்துல ரெண்டே தடவைதான் எங்களுக்கு வாய்ச்சிருக்கு. அதுல ஒரு விசேஷம், பக்கத்துல நிக்கறவங்க நிழல் தெரிஞ்சாலும் வானவில் வட்டம் அவங்கவங்களுக்கு அவங்க தலையச் சுத்தி மட்டும்தான் தெரியும். "எனக்குத்தான் ஒளிவட்டம் இருக்கு"னு நான் சொல்ல, "இல்ல எனக்குத்தான்"னு அவரு சொல்ல, ரெண்டு பேர் சொன்னதும் சரிதான்னு வந்து படிச்சுப் பாத்துத்தான் தெரிஞ்சது.

ஊட்டில சாயங்காலம் அவ்வளவு சரியா அமையாது. ஊரு பெருசு, கமர்ஷியல் ரோட்டுல வண்டிச் சத்தம், ஏரிக்கரைல கொடைக்கானல் மாதிரி நிம்மதியா சுத்தி வர முடியாது. நாங்க அங்க போனா தாவரவியல் பூங்காவுல அஞ்சு மணி வரைக்கும் இருந்துட்டு, வர்க்கியும் சூடா டீயும் வாங்கிட்டு ரூமுக்கு வந்துருவோம். டீனு சொன்னதும் ஞாபகம் வருது, குளிர்காலத்துல பறிச்சுச் செய்யற நீலகிரித் தேயிலைக்கு தனி வாசனை உண்டு, குளிருக்கு கொழுந்து மெதுவா வளர்றதால வர்ற வாசம், ஃப்ராஸ்ட் டீனு விப்பாங்க, அத பால் விடாம குடிச்சுப் பாக்கணும். ஊட்டிச் சத்தம் வேணாம்னா குன்னூர்ல தங்குங்க, 1,850 மீட்டர் உயரம்தான், குளிர் கொஞ்சம் கம்மி, சிம்ஸ் பார்க் பக்கம் நடக்கறதுக்கு நல்ல அமைதி.

மூணாறுல ஆறு மணிக்கு மேல ஊருக்குள்ள வேலையே இல்ல. பஜார் சின்னது, தங்கற இடமெல்லாம் டவுன விட்டு பத்து இருபது கிலோமீட்டர் தள்ளி எஸ்டேட் நடுவுல, இருட்டுனா வெளிய போக முடியாது, யானை நடமாட்டமும் உண்டு. அதனால பால்கனியும் நல்ல சாப்பாடும் இருக்கற ரூம எடுத்து உள்ளயே இருக்கணும். கப்பையும் மீன் குழம்பும் சூடா வந்தா எனக்கு அதுவே போதும், ஆனா என் வீட்டுக்காரரு மாதிரி கால் சும்மா இருக்காதவங்களுக்கு ரெண்டாவது ராத்திரியே அலுத்துரும். புதுசா கல்யாணம் ஆனவங்களுக்கு அலுக்காதுனு வச்சுக்கங்க.

காலைக்கு வந்தா கதை மாறிருது. உண்மையான குளிர் பாக்கணும்னா ஊட்டிதான். நவம்பர்ல நீர்ப்பனி விழ ஆரம்பிச்சு, அடுத்து உறைபனி, ஜனவரில காந்தல், தலைக்குந்தா பக்கமெல்லாம் விடிய விடிய புல்லு வெள்ளையாயிடும், நிறுத்தி வச்ச கார் மேல ஐஸ் படிஞ்சிருக்கும். பூங்காவுல செடி கருகாம இருக்க கோத்தகிரி மிலார்ங்கற செடிய வச்சு மூடி வச்சிருப்பாங்க. மேகம் இல்லாத ராத்திரிலதான் உறைபனி விழும், தரைல இருக்கற சூடு தடையில்லாம மேல போயிரும், குளிர்ந்த காத்து கனமாகி சரிவுல வழிஞ்சு பள்ளத்துல போயி தேங்கும். இது ரூம் எடுக்கறப்ப உதவும். பனியப் பாக்கணும்னா பள்ளத்துல, புல்வெளி பக்கத்துல எடுங்க. குளிர் ஒத்துக்காதுனா சரிவுல கொஞ்சம் மேல, கெழக்குப் பாத்த ஜன்னலோட எடுங்க, காலை வெயில் நேரா கட்டில் மேல விழும்.

மூணாறு 1,500 மீட்டர்தான், டவுன்ல பெருசா குளிராது, ஆனா செண்டுவரை, லட்சுமி எஸ்டேட் பக்கம் அங்கயும் உறைபனி உண்டு. காலைல கதவத் தொறந்தா தேயிலைத் தோட்டம் பூரா பனி படுத்துக் கெடக்கற காட்சிக்கு மூணுல மூணாறுதான் முதல். அதோட ராஜமலை. இரவிகுளம் தேசியப் பூங்காவுல நம்ம மாநில விலங்கான வரையாடு பத்தடி தூரத்துல பயமே இல்லாம மேஞ்சுட்டு நிக்கும், பின்னாடி ஆனைமுடி, 2,695 மீட்டர். வரையாடு குட்டி போடற காலம்னு பிப்ரவரி மார்ச்ல பூங்காவ மூடிருவாங்க, அதனால ஜனவரிலயே போயிரணும். ஊரு கேரளாவா இருந்தாலும் எஸ்டேட் ஜனங்கள்ல நெறையப் பேர் தலைமுறை தலைமுறையா தமிழ் பேசறவங்க, பாஷைக்கு அலைய வேணாம். கொடைக்கானல் காலைக்கு ஊருக்குள்ள இருக்காம பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போயிருங்க. பூம்பாறைல படிப்படியா வெட்டுன வயல், குழந்தை வேலப்பர் கோயில், திரும்பி வர்றப்ப மலைப்பூண்டு வாங்கிக்கலாம், 2019ல புவிசார் குறியீடு வாங்குன பூண்டு, நம்ம சந்தைப் பூண்ட விட காரம் ஜாஸ்தி.

ஒண்ணு மட்டும் எந்த ஊருக்குப் போனாலும் கேளுங்க, கெஞ்சிக் கேக்கறேன். குளிருதுனு கரி அடுப்ப ரூமுக்குள்ள வச்சுட்டு கதவ ஜன்னல சாத்திட்டு தூங்காதீங்க. எங்களுக்கே ஒரு தங்குற எடத்துல தணல் சட்டி கொண்டு வந்து குடுத்தாங்க, அவரு உடனே வெளிய வச்சுட்டாரு. கரி எரியறப்ப வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கெடையாது, நிறமும் கெடையாது, தூக்கத்துலயே உயிர் போயிரும், மலை ஊர்கள்ல அப்படிப் போனவங்க இருக்காங்க. கூட ஒரு கம்பளி கேளுங்க, ரப்பர் சுடுதண்ணி பை கொண்டு போங்க, வெந்நீர் எந்த நேரத்துக்கு வரும்னு ரூம் போடறப்பயே கேட்டு வச்சுக்கங்க.

ஏற்காடு, வால்பாறை எல்லாம் கேப்பீங்க. ஏற்காட்டுல குளிர் பத்தாது. வால்பாறை, ஆழியாறுல இருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறுனா சிங்கவால் குரங்கும் இருவாச்சிப் பறவையும் பாக்கலாம், காட்டு மேல ஆசை இருந்தா அருமையான ஊரு, முதல் பயணத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஆக அவளுக்கு கொடைக்கானல்தான் சொல்லிருக்கேன். பாத்து வச்ச கல்யாணம், ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, இன்னும் ஒழுங்கா உக்காந்து பேசிக்கக் கூட நேரம் கெடைச்சிருக்காது, அவங்களுக்கு அந்த ஏரிக்கரை வேணும். பேசிப் பழகுன ஜோடினா ஊட்டி ரயில். ஒடம்பு அசந்து போயி தூங்கணும்னு வர்றவங்களுக்கு மூணாறு. நாங்க இந்தத் தடவை ஊட்டி, அவரு போன மாசம் ரிட்டயர் ஆயிட்டாரு, ரயில்ல போலாம்னு அவரே கேட்டாரு. டிக்கெட் கெடைச்சிருச்சு. பொங்கல் முடிஞ்சு அடுத்த செவ்வாய்க்கெழமை கெளம்பறோம், வீட்டுல சுடுதண்ணி பை ரெண்டு இருக்கு, ஒண்ணு அவளுக்கு எடுத்து வச்சிருக்கேன்.